துறையில் இறங்குவார்க்குத் துணை

கப்பற்பிரயாணம் இருவகைப்படும். ஓரிடத்தினின்று மற்றோரிடம் போய்ச் சேர்தற்பொருட்டுச் செல்வது ஒன்று. செல்வதையே பயனாகக் கொண்டு, பல துறைகளைத் தொட்டுப் புறப்பட்ட துறைக்கே மீள்வது மற்றொன்று. பின்னதனை இக்காலத்துப் பத்திரிகைகள் சொகுசுக் கப்பற் சுற்றுலா என்று வழங்குகின்றன. இவ்வகைக் கப்பலிற் செல்வோர் காலையில் ஒரு துறையில் இறங்குவர். மாலைக்குள் மீண்டுவிடல் வேண்டும். இடையே கிடைப்பது பெரும்பாலும் ஆறு முதல் பத்து மணி நேரமே. அந்நேரத்தைக் கப்பலார் அமைத்துத் தரும் வண்டியில், வழிகாட்டியின் பின்னே சென்று கழிப்பது நன்றோ? அன்றித் தாமே இறங்கித் தமக்கு வேண்டிய இடம் நோக்கிச் செல்வது நன்றோ? இதுவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாம்.

ஆலங்குடியிற் பிறந்தார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நகைப்பாரும் இருக்கலாம். எம் ஊரில் கடல் இல்லை. வயலும் செம்மண் காடுமே உண்டு. ஆயினும் கப்பல் என்னும் சொல் எம் ஊர்த் திண்ணைகட்குப் புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலம் ஓடியது. அதன்பின் ஓடிய எம். வி. சிதம்பரம் என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அவ்வழி நின்றுபோயிற்று. புதுக்கோட்டைச் சீமையினின்று சென்றார் பலர் அக்கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்து சென்றவரே. துறை கண்டு மகிழ்தல் அவர் கணக்கில் இல்லை. பினாங்குத் துறையை அடைந்த தொழிலாளர், ஊரைக் காணுமுன் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமைக் கண்டனர்.

நிற்க. எம் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் வாழ்கின்றனர். ஆசிரியரின் தந்தையார் மேற்கூறிய வழியில் மலேயா சென்று மீண்டவர். தாமும் ஒருமுறை கப்பலேறவேண்டும் என்பது ஆசிரியரின் நெடுநாள் அவா. இலங்கைத் துறைகளைத் தொடும் கப்பலொன்றிற் செல்லும் எண்ணத்துடன் அவர் ஒருநாள் எம்மை அழைத்து, “தம்பி, கப்பல்காரர் காட்டுகிற வண்டியிலே போவதா, நாங்களே ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு போவதா? உங்கள் அம்மாச்சிக்கு முழங்கால் வேறு வலி” என்று வினவினார். “சார், படித்துப் பார்த்துச் சொல்லுகிறேன்” என்று கூறி வந்தோம். இருவரின் ஓய்வூதியத்தில் பல்லாண்டு சேர்த்த பொருள் அது. மறுமுறை போவோம் என்று சொல்லிக்கொள்ளும் வயதும் அவர்கட்கு அன்று. ஆகவே இவ்வினா விளையாட்டு வினா அன்று என்பது தெளிவாம்.

வழிகாட்டியோடு கூட்டமாய்ச் செல்லும் வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். இங்கிலாந்தில் பாப்திஸ்து சபையைச் சேர்ந்த தாமஸ் குக் என்பார், 1841 ஜூலை 5-ஆம் நாள், மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரினின்று லப்பரோ நகருக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். ஆளொன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழிலாளரைச் சாராயக் கடையினின்று மீட்கக் கண்ட உபாயம், பின்னர்ப் பெருவணிகமாய் வளர்ந்தது. 1869-இல் அவர் நைல் நதிக்குக் கூட்டம் நடத்தினார். 1872-இல் உலகைச் சுற்றிவரவே ஒரு கூட்டத்துடன் புறப்பட்டார். அறியாத நாட்டில் ஏழைக்கும் நடுத்தரத்தார்க்கும் அச்சந் தீர்த்தவர் அவர் என்பதை மறுத்தல் ஒல்லாது. பெண்டிர் தனித்துப் பிரயாணம் செய்ய அஞ்சிய காலத்தில், அவர் கூட்டங்களிலேயே பல பெண்டிர் வெளிநாடு கண்டனர்.

எதிர்வழக்கும் அக்காலத்திலேயே தோன்றிற்று. அமெரிக்க எழுத்தாளராகிய மார்க் ட்வெயின் 1867-இல் குவேக்கர் சிட்டி என்னும் கப்பலில் மத்தியதரைக் கடல் துறைகளைக் கண்டு, அதனை 1869-இல் நகைச்சுவை நூலாக வெளியிட்டார். பாரிஸ் நகரில் அவர்கட்கு வாய்த்த வழிகாட்டி, ஓவியக்கூடம் காட்டுக என்றால் பட்டுக் கடைக்கே மீண்டும் மீண்டும் வண்டியை விடுவித்த கதையை அந்நூலிற் காணலாம். வழிகாட்டிகளின் பெயரை நினைவிற்கொள்ளுதல் வருத்தமெனக் கருதி, எல்லாரையும் பெர்குசன் என்னும் ஒரே பெயரால் அக்கூட்டத்தார் அழைத்தனராம். இதில் நகைப்பு இருபாலும் உண்டு என்பது எம் கருத்து. கடைக்காரனிடம் தரகு வாங்கும் வழிகாட்டியும் நகைக்கத் தக்கவன். தன்முன் நிற்பானுக்கு ஒரு பெயருண்டு என்று எண்ணாத பிரயாணியும் நகைக்கத் தக்கவனே.

இனி, பொருளின் உள்ளே புகுவோம். இவ்வினாவில் முதற்கண் எண்ணத்தக்கது காலம். கப்பல் புறப்படுதற்கு அரைமணி அல்லது ஒருமணி முன்னரே எல்லாரும் ஏறிவிடல் வேண்டும் என்பது பொதுவிதி. கப்பலார் அமைத்த வண்டி வழியிற் பழுதுற்றுத் தாழ்க்குமாயின், கப்பல் காத்திருத்தலோ, அவர்களை அடுத்த துறைக்குக் கொண்டு சேர்க்க ஏற்பாடு செய்தலோ வழக்கம். தாமே சென்றார் தாழ்த்தால் கப்பல் காத்திராது. அடுத்த துறைக்குப் போய்ச் சேரும் செலவும் அவருடையதே. துறைக் கட்டணமும் அடுத்த துறையில் ஒதுக்கிய நேரமும் ஒருவர் பொருட்டு மாற்றத்தக்கன அல்ல. கரையோரம் ஆழமின்மையாற் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகளில் ஆளிறக்கும் துறைகளும் உண்டு. அங்கே கப்பலாரின் கூட்டத்தாரை முதலில் இறக்குதல் பெருவழக்காகலின், தனித்துச் செல்வார்க்கு ஒருமணி நேரம் படகிற்குக் காத்திருப்பதிலேயே கழிதலும் கூடும்.

துறையே கிடையாமற் போவதும் உண்டு. 2022 ஜூனில் சென்னையினின்று முதன்முறை சுற்றுலாவிற்குப் புறப்பட்ட எம்பிரஸ் என்னும் கப்பல், விசாகப்பட்டினம் கண்டு புதுச்சேரிக்கு வந்தபோது, அங்கு இறங்க அரசின் இசைவு கிடைக்கவில்லை. பிரயாணிகள் கடலில் நின்றபடியே ஊரைப் பார்த்து மீண்டனர். இங்ஙனம் துறை தவறுமாயின், கப்பலாரிடம் வாங்கிய கரைச்சுற்றின் கட்டணம் திரும்பிவருதல் வழக்கம். வெளியே ஒருவரிடம் முன்பணம் கொடுத்து வண்டி பேசியிருப்பாராயின், அப்பணம் மீளுமோ என்பது அவரவர் பேசிய பேச்சைப் பொறுத்தது. ஆகையால் தனித்துச் செல்ல விரும்புவார் முன்பணம் கொடாமல், இறங்கியபின் பேசுதலே தக்கது.

அடுத்தது தொலைவு. இதுவே எம் கருத்தில் தலைமையான அளவுகோல். கொச்சித் துறையில் இறங்குவாரை நோக்குக. எறணாகுளம் பக்கத்தினின்று படகிலேறினால் கோட்டைக் கொச்சி. அங்கே கரையில் சீன வலைகள். நடந்துசெல்லுந் தொலைவில் பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அதுவே. எலும்புகளைப் பின்னர்ப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோயினர். சிறிது தூரத்தில் மட்டாஞ்சேரி அரண்மனையும், 1568-இற் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடமும் உள்ளன. இவற்றைக் காணப் பெருவண்டி எதற்கு? கால் இருந்தாற் போதும். கால் நோவுமாயின் ஆட்டோ உண்டு. அறிய வேண்டுவது ஒன்றே: சனிக்கிழமை யூதர்க்கு ஓய்வுநாளாகலின் அன்று அக்கூடம் திறவாது. சென்னையில் இறங்கும் வெளிநாட்டார் நிலை வேறு. மாமல்லபுரம் துறைமுகத்தினின்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காஞ்சீபுரம் அதனினும் தொலைவு. சென்னை வீதிகளின் நெரிசலை அறியாதார், பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்கரைக் கோயிலின்முன் நின்றுகொண்டு கப்பலை நினைத்து வருந்துதல் வேண்டா. அவர் கப்பலார் வண்டியிற் செல்வதே அறிவுடைமை.

மூன்றாவது மொழி. இதனைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். அவ்வெம்பிரஸ் கப்பலே 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் மூன்று இலங்கைத் துறைகளைத் தொட்டது. இவற்றுள் அம்பாந்தோட்டை சிங்கள மொழி வழங்கும் நிலம். காணத்தக்க புந்தல, யால வனங்களோ துறையை விட்டு விலகியவை. தக்க வண்டியும் இசைவும் இன்றி வனம் புகல் ஒண்ணாது. அங்குத் தனித்துச் செல்வதில் பயனில்லை. திருகோணமலையோ எனின், கோணேசுவரம் ஊரையொட்டிய கடற்பாறையின்மேல், பிரடெரிக் கோட்டைக்குள்ளேயே அமைந்துள்ளது. கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் ஊரினின்று ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் உள்ளன. தமிழறிந்த வண்டிக்காரர் எளிதிற் கிடைப்பர். ஒரு முற்பகலில் இரண்டையும் கண்டு மீளலாம்.

காங்கேசன்துறையில் தமிழனுக்குக் கிடைப்பது மற்றெந்நாட்டுப் பிரயாணிக்கும் கிடையாதது. இறங்கிய இடமே பெயரிற் கதை உடையது. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையென்பது ஊரார் வழக்கு. துறைக்கு மேற்கே சிறிது தொலைவில் கடலோரத்தில் கீரிமலை நன்னீர்க் கேணியும் நகுலேசுவரமும் உள்ளன. குதிரை முகம் வாய்ந்த சோழ அரசிளங்குமரி ஒருத்தி இக்கேணியில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள். அதனாலேயே மாவிட்டபுரம் என்னும் ஊர்ப்பெயர் வந்தது என்பர். இக்கதையை வழிகாட்டியும் சொல்வார். ஆனால் கோயில் வாயிலில் பூக்கட்டும் அம்மையார் சொன்னால், அதில் அவர் ஊரும் அவர் வாழ்வும் கலந்து வரும். “எங்கையிருந்து வாறியள்?” என்னும் ஒரு வினாவிற்கு விடை சொல்லத் தொடங்கினால், ஒருமணி நேரம் உரையாடல் செல்லும்.

அவ்வுரையாடலில் வேறொன்றும் வெளிப்படும். வலிகாமம் வடக்கின் மக்கள் 1990-இல் போரினால் இடம்பெயர்ந்தவர்; 2009-இற் போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாகவே மீளக் கொடுக்கப்பட்டன. கூரையற்ற சுவர்களைச் சாலையோரம் காணும் பிரயாணி, இது யாருடைய வீடு என்று கேட்கும் உரிமை உடையவனோ என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. கேட்டாலும், படம் எடுக்கும் முன் இசைவு பெறுதல் வேண்டும்.

யாழ்ப்பாண நகரம் துறையினின்று ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிற் பெருக்கிய கோட்டை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் (ஆடவர் மேலாடை களைந்தே உட்புகல் வேண்டும்). 1981 ஜூன் முதல் நாள் நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, பின்னர் மீள எழுப்பப்பெற்ற பொதுநூலகம்: இவை மூன்றும் எப்பட்டியலிலும் இடம்பெறும். நூலகத்தின்முன் கால்மணி நேரம் வண்டியை நிறுத்தி, அதற்குள் படமெடுத்துக்கொள்க என்றால் தமிழ் பயிலும் மாணவன் மனம் ஒப்புமோ? உள்ளே பார்வையாளரை விடும் நேரத்தை முன்னமே கேட்டறிந்து, அந்நேரத்திற்கேற்பத் தன் நாளை அமைத்துக்கொள்வது தனித்துச் செல்வார்க்கே கூடும்.

இன்னும் ஒன்று. நம்போன்ற கல்லூரியாருக்கு வட்டுக்கோட்டை என்னும் ஊர் மறக்கலாகாதது. அமெரிக்க மிஷனார் 1823-இல் அங்கே நிறுவிய செமினரியிற் பயின்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவரே. கலித்தொகையை 1887-இல் அச்சேற்றி நமக்களித்தவர் அவர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். ஆலங்குடி அச்சமஸ்தானத்தின் தாலூகாக்களுள் ஒன்றாகலின், எம் ஊரார் வழக்குகளும் அவர்முன் சென்றிருத்தல் கூடும் என்று எண்ணி மகிழ்வதுண்டு. கூட்டமாய்ச் செல்லும் வண்டி நாற்பதின்மர் விருப்பத்திற்கு ஓடுவது. ஒருவன் விருப்பத்திற்காக வட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பாது. கற்றவன் தன் நெஞ்சில் ஏந்திச் செல்லும் இடங்களைக் காண அவனே வண்டி பிடித்தல் வேண்டும்.

இவ்வளவும் நூலறிவே யன்றோ, கண்டறிந்தது என்ன எனக் கேட்பார்க்கு உள்ளூர்ச் சோதனை ஒன்றை எடுத்துக் காட்டுவோம். எம் ஊரினின்று புதுக்கோட்டை வழியாகச் சித்தன்னவாசலுக்கு இருமுறை சென்றோம். முதன்முறை இடமறிந்த பெரியவர் ஒருவர் உடன் வந்தார். சமணர் குடைவரையின் விதானத்தில் எம் கண்ணுக்கு வெறும் கறையாகத் தோன்றிய இடத்தை அவர் சுட்டியபோது, தாமரைக் குளமும், மீனும், யானையும், பூக்கொய்யும் மாந்தரும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. கருவறையுள் எம்மை நிறுத்தி, வாய் மூடி மெல்ல ஒலிக்கச் செய்தார். அறை முழுதும் அவ்வொலி அதிர்ந்து நிறைந்தது. அவர் இன்றி எமக்கு அது தெரிந்திராது. மறுமுறை நண்பர் மூவரோடு தனியே சென்றோம். குன்றின்மேல் ஏழடிப்பட்டத்தில், வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகளின் நடுவே, பிராமி எழுத்துப் படியெடுத்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, மாலை வரை அமர்ந்திருந்தோம். எழுத்தொவ்வொன்றையும் விரலாற் பின்பற்றினோம். எவரும் எம்மைப் புறப்படுக என்று சொல்லவில்லை. அன்றுதான் கல்வெட்டுப் பாடம் எமக்குப் பாடமாயிற்று. ஓவியங்கள் மகேந்திரவர்மன் காலத்தன என்னும் பழைய கருத்தை இன்றும் பலர் வாயிற் கேட்கலாம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அம்மண்டபத்தைப் புதுக்கிய செய்தியைக் கூறும் கல்வெட்டோ குடைவரை முகப்பின் அருகே உள்ளது. வழிகாட்டி கண்ணைத் திறப்பார். கல்வெட்டை நாமே படித்தல் வேண்டும்.

நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்து வைத்தாரல்லர். பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை. முன்னர்ப் போய்ப் பரிசில் பெற்று மீள்வான், எதிர்ப்பட்ட இரவலனை நோக்கி, இவ்வழிச் செல்க, இந்நிலத்தார் இவ்வுணவு இடுவர் எனச் சொல்லி விடுக்கின்றான். தான் உடன் போவதில்லை. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் முதலாக ஊர்தோறும் கிடைக்கும் விருந்தைக் கூறுகின்றது. மலைபடுகடாம் இன்னும் விழிப்புடையது. விலங்கிற்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனங் காப்பார் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்பு உறையும் வழுக்குநிலம் எது என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே உரைத்துவிடுகின்றது. கேட்டவன் தன் காலால் நடக்கின்றான். இன்று கையடக்கத் தொலைபேசியில் வழிப்படம் உண்டு. ஆனால் வழிப்படம் தெருவைக் காட்டுமேயன்றிக் கவண்கல்லைக் காட்டாது. முன்னர்ச் சென்று மீண்ட ஒருவரோடு அரைமணி பேசுதல், கப்பலார் அச்சிட்ட வண்ணத்தாள் பத்தினும் பயன்தரும்.

பொருட்செலவைப் பற்றியும் சொல்லல் வேண்டும். கப்பலார் கரைச்சுற்றின் கட்டணத்தில் அவர்தம் பங்கும், இடைநிற்பார் பங்கும் அடங்கியுள்ளன; வண்டியோட்டிக்கும் வழிகாட்டிக்கும் சேர்வது எஞ்சிய பகுதியே. துறைவாயிலில் நாமே பேசும் ஆட்டோக்காரர்க்கு நாம் கொடுப்பது முழுதும் சேரும். இஃது ஒரு நியாயமே. எனினும் உரிமம் பெற்ற வழிகாட்டியர் தேர்வெழுதித் தொழில் புரிவோர். அவரை விலக்கி, குறைந்த கூலிக்கு எவரையோ அழைத்துச் செல்வது எப்போதும் அறமாகாது. நாளொன்றுக்குக் கூலி பேசி, உரிமம் உடைய உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தாமே அமர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. நால்வர் சேர்ந்தால் தலைக்கு வரும் செலவும் குறையும். பட்டுக் கடை வேண்டா என்று புறப்படும்போதே சொல்லிவிடலாம்.

ஆசிரியர்க்கு யாம் எழுதிக் கொடுத்தது இது. அம்பாந்தோட்டையில் இறங்குவதாயின் கப்பலார் வண்டி. இல்லையேற் கப்பலிலேயே இருந்து கடலைப் பார்க்கலாம். திருகோணமலையில் தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்துக. கோணேசுவரம் பாறைமேல் இருத்தலின், வண்டி எதுவரை ஏறும், அதன்மேல் எத்தனை படி என்பதை அம்மாச்சிக்காக முதலிற் கேட்டுக்கொள்க. காங்கேசன்துறையில் தனியே ஆட்டோ. முதலில் தொலைவிலுள்ள நகரம், திரும்பும் வழியில் மாவிட்டபுரம், கடைசியில் துறையருகிலுள்ள கீரிமலை. தொலைவிற் சென்று தாழ்ப்பதினும் துறையருகே வந்து இளைப்பாறுதல் நன்று. கூலியை ஏறுமுன் பேசுக. எந்நாட்டு ரூபாய் என்பதையும் சேர்த்துப் பேசுக. ஏறவேண்டிய நேரத்திற்கு இரண்டுமணி முன்னரே திரும்பும் வகையில் நாளை அமைக்க. கப்பலாருக்கு அத்துறையில் உள்ள முகவரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. கையிலுள்ள கருவி மின்னூட்டம் இழந்தாலும் தாள் பேசும். நுழைவிசைவு விதிகள் அடிக்கடி மாறுவனவாகலின், சீட்டு வாங்கும் அன்றே கப்பலாரிடம் எழுத்திற் கேட்டறிக.

ஆசிரியர் தாளை இருமுறை படித்து, “வட்டுக்கோட்டையை இதில் எழுதவில்லையே” என்றார். அம்மாச்சியின் முழங்காலை எண்ணியே விட்டோம் என்றோம். “அவள் ஆட்டோவிலே உட்கார்ந்திருப்பாள், நான் இறங்கிப் பார்த்து வருகிறேன்” என்று சொல்லித் தம் கையாலேயே அதனைச் சேர்த்துக்கொண்டார். அங்குள்ள பழைய கட்டடத்தின் படமொன்று எடுத்து வருமாறு கேட்டிருக்கின்றோம்.